பிரதமர் பெரியவரா, செயலாளர் பெரியவரா? 1959 ஜூலையின் இரண்டு கதைகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு புளியஞ்சோலை போயிருந்தோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: திருச்சி மாவட்டம் துறையூர் பக்கம், கொல்லிமலையின் அடிவாரம். மலைக்கு மேலே ஆகாய கங்கை அருவியாக விழுகிற ஐயாறு, இறங்கி வந்து இங்கே பாறைகளுக்கு நடுவே ஓடும். குளிக்கக் கூட்டம் வரும்.

குளிச்சு முடிச்சு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அக்கா மகன் குரூப் டூ பரீட்சைக்குப் படிக்கிறான். எங்கே போனாலும் கையில் ஒரு பொது அறிவுப் புத்தகம் இருக்கும். அன்றைக்கும் இருந்தது.

"மாமா, ஒரு டவுட்டு. சீனாவுல ஜனாதிபதி பெரிய ஆளா, பிரதமர் பெரிய ஆளா?"

"ஜனாதிபதிதான் மாப்ள. அவர் பேருதானே தினமும் பேப்பர்ல வருது."

"அப்ப அமெரிக்கா மாதிரி. பிரதமர் சும்மா பேருக்கு?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்"னு சொல்லிட்டேன். வண்டி உப்பிலியபுரம் தாண்டும்போதே உறுத்த ஆரம்பித்தது. நான் சொன்னது தப்பு. ஜனாதிபதி என்பதால் அவர் பெரிய ஆள் இல்லை. அவர் கட்சியின் பொதுச் செயலாளர், அதனால்தான் பெரிய ஆள். ஜனாதிபதிப் பதவி அதோடு சேர்ந்து வருகிற ஒரு நாற்காலி. இந்த வித்தியாசம் பரீட்சைக்கு ஒரு மார்க்குதான். ஆனால் இதே வித்தியாசத்தில் கோடிக்கணக்கான உயிர் போயிருக்கிறது. அதனால் பதிலைச் சரியாகவே எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன்.

புத்தகத்தில் இருந்த அரசு

எண்பதுகளில் படித்தவர்களுக்கு நியாபகம் இருக்கும். நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் சோவியத் நாட்டு அச்சில் தமிழ்ப் புத்தகங்கள் கொள்ளை மலிவாகக் கிடைக்கும். வழுவழு தாள், கெட்டி அட்டை. நாவலோடு சேர்த்து சோவியத் அரசமைப்பு பற்றிய ஒரு சின்னப் புத்தகமும் வாங்கினேன். படித்தபோது எனக்கு எந்த ஆச்சரியமும் ஏற்படவில்லை. நம்மூர் மாதிரியே இருந்தது. சுப்ரீம் சோவியத் என்று நாடாளுமன்றம், அதில் நம் மக்களவை, மாநிலங்களவை மாதிரி இரண்டு அவைகள். மந்திரி சபை. மந்திரி சபைக்குத் தலைவர், அதாவது பிரதமர். நீதிமன்றம். கீழே குடியரசு, மாகாணம், மாவட்டம், கிராமம் என்று ஒவ்வொரு மட்டத்திலும் தேர்ந்தெடுக்கப்பட்ட சோவியத். பேச்சுரிமை, எழுத்துரிமை, வேலை உரிமை எல்லாம் வரிசையாக இருந்தன.

அந்த அரசமைப்பில் 6-ஆவது பிரிவு என்று ஒன்று. 1977-இல் எழுதிய அரசமைப்பு அது. சமூகத்தை வழிநடத்தும் சக்தி கம்யூனிஸ்ட் கட்சியே என்று அந்தப் பிரிவு சொன்னது. அதை அப்போது சும்மா அலங்கார வாக்கியம் என்று தாண்டிப் போய்விட்டேன். பிற்பாடுதான் புரிந்தது, புத்தகத்தில் மற்ற எல்லாப் பக்கமும் அலங்காரம், அந்தப் பிரிவுதான் விஷயம் என்று.

ஒரே மலைக்கு இரண்டு பாதை

கொல்லிமலைக்கு மேலே போக நாமக்கல் பக்கம் காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு தார் ரோடு இருக்கிறது. மேப்பில் தெரிவது அதுதான். புளியஞ்சோலையில் இருந்து நடந்து ஏறுகிற பாதை ஒன்றும் உண்டு. கம்யூனிஸ்ட் ஒரு கட்சி அரசையும் இப்படி இரண்டு பாதையாக மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. ஒன்று அரசுப் பாதை: கிராம நிர்வாகம், மாவட்ட நிர்வாகம், மாகாண ஆளுநர், மந்திரி, பிரதமர். இன்னொன்று கட்சிப் பாதை: கிளை, மாவட்டக் குழு, மாகாணக் குழு, மத்தியக் குழு, அதற்கு மேலே அரசியல் தலைமைக் குழு என்கிற பொலிட்பீரோ, உச்சியில் பொதுச் செயலாளர்.

இரண்டும் ஒவ்வொரு மட்டத்திலும் பக்கத்துப் பக்கத்தில் போகும். ஒவ்வொரு மட்டத்திலும் கட்சி ஆள்தான் ஒரு படி மேலே. இன்றைய சீனாவில் ஒரு மாகாணத்துக்கு ஆளுநர் இருப்பார், கட்சிச் செயலாளரும் இருப்பார். செயலாளர்தான் முதல் ஆள், ஆளுநர் இரண்டாவது. பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர் மாதிரி ஒரு தலைவர் உண்டு, அங்கேயும் ஒரு கட்சிச் செயலாளர் உண்டு. ராணுவமும் அப்படியே. அது அரசுக்குக் கட்டுப்பட்டது என்பதைவிட, கட்சியின் ராணுவக் குழுவுக்குக் கட்டுப்பட்டது என்பதே சரி.

இந்த இரண்டு பாதையையும் கட்டிப் போடுகிற கயிறு ஒன்று இருக்கிறது. அதற்கு ரஷ்ய மொழியில் நொமென்க்ளதுரா என்று பெயர். சாதாரணமாகச் சொன்னால் பதவிப் பட்டியல். எந்தெந்தப் பதவிக்கு ஆள் போட எந்தக் கட்சிக் குழுவின் சம்மதம் வேண்டும் என்கிற பட்டியல். மந்திரி, கலெக்டர், நீதிபதி, பத்திரிகை ஆசிரியர், ஆலை மேலாளர் எல்லோரும் அதில் அடக்கம். தேர்தல் நடக்கும். ஆனால் ஒரு தொகுதிக்கு ஒரே வேட்பாளர், அவரும் பட்டியலைத் தாண்டி வந்தவர். சோவியத் தேர்தல்களில் 99 சதவீத வாக்குப்பதிவு என்று அறிவிப்பார்கள்.

இது எப்படி வேலை செய்தது என்பதற்கு மூன்று உதாரணம் போதும்.

ஸ்டாலின் 1922-இல் கட்சியின் பொதுச் செயலாளர் ஆனார். பிரதமர் ஆனது 1941 மே மாதத்தில்தான். நடுவில் 19 வருஷம். கூட்டுப் பண்ணை, ஐந்தாண்டுத் திட்டம், 1937-இன் பெருங்கைதுகள் எல்லாம் அந்தக் காலத்தில்தான் நடந்தன. அப்போது பிரதமர்களாக இருந்தவர்கள் ரீக்கோவும், பிறகு மொலொட்டோவும். ஜனாதிபதி மாதிரியான பதவியில் இருந்தவர் கலினின். பொது அறிவுப் புத்தகத்தில் 1935-க்கு நேரே 'ஜனாதிபதி, பிரதமர்' என்று தேடினால் ஸ்டாலின் பேரே வராது.

இரண்டாவது, குருஷ்சேவ். அவர் பிரதமராகவும் கட்சியின் முதல் செயலாளராகவும் இருந்தார். 1964 அக்டோபர் 14-ஆம் தேதி கட்சியின் மத்தியக் குழு கூடி அவரை இறக்கியது. பிரதமர் பதவி அடுத்த நாள் போனது. அரசு அமைப்புகள் செய்தது, ஏற்கெனவே முடிந்துபோன காரியத்துக்குக் கையெழுத்துப் போட்டது.

மூன்றாவது, அந்த 6-ஆவது பிரிவு. 1990 மார்ச்சில் அதைத் திருத்திக் கட்சியின் ஏகபோகத்தை எடுத்தார்கள். 1991 டிசம்பரில் நாடே இல்லை. அதற்கு வேறு காரணங்களும் நிறைய உண்டு. ஆனாலும் எது தூண், எது சுவர் என்று அப்போது தெரிந்துபோனது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த அமைப்பு வெறும் முகமூடி, உள்ளே ஒன்றுமே இல்லை என்று நினைத்தால் அதுவும் தப்பு. எழுத்தறிவு, தடுப்பூசி, ஆலை, ரயில் பாதை என்று மேலிடம் ஒன்றை முடிவு செய்துவிட்டால் கடைசிக் கிராமம் வரைக்கும் அது போய்ச் சேரும். இரண்டு பாதையிலும் ஒரே உத்தரவு இறங்கும். கட்சிக்குள் இதற்கு ஜனநாயக மத்தியத்துவம் என்று பெயர். முடிவுக்கு முன் விவாதிக்கலாம், முடிவெடுத்த பிறகு எல்லோரும் அதையே பேச வேண்டும், கீழ்க்குழு மேல்குழுவுக்குக் கட்டுப்பட வேண்டும். உத்தரவு இறங்குவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. சிக்கல், செய்தி மேலே ஏறுவதில் இருக்கிறது. அதைப் பார்க்க 1959 ஜூலைக்கு, சீனாவின் ஒரு மலைக்குப் போக வேண்டும்.

லூஷான்: ஒரு கடிதம்

1958-இல் சீனாவில் மாவோ 'மாபெரும் முன்னோக்கிய பாய்ச்சல்' என்ற திட்டத்தை ஆரம்பித்தார். கிராமங்களை எல்லாம் கம்யூன்களாகச் சேர்த்தார்கள். நாடு முழுக்கச் சுமார் 26,000 கம்யூன்கள். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கம்யூன் என்பது பண்ணை மட்டும் இல்லை, கீழ்மட்ட அரசாங்கமும் அதுவே. நிலம், வேலை, சமையல், தானியக் கிடங்குச் சாவி, நிர்வாகம், கட்சி எல்லாம் ஒரே கையில் வந்துவிட்டன. இரண்டு பாதை என்று சொன்னேனே, கிராமத்தில் அது ஒற்றைப் பாதை ஆகிவிட்டது.

அந்த வருஷம் தானிய விளைச்சல் 37.5 கோடி டன் என்று அறிவித்தார்கள். உண்மையில் சுமார் 20 கோடி டன்தான். இவ்வளவு பெரிய பொய்யை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதவில்லை. ஒவ்வொரு மட்டத்திலும் இருப்பவரின் பதவி மேல்மட்டத்தின் கையில். பக்கத்து மாவட்டக்காரர் இரண்டு மடங்கு என்று சொன்னால் நான் மூன்று மடங்கு என்று சொன்னால்தான் தப்பிக்கலாம். கீழே இருக்கிற விவசாயிக்கு என்னை மாற்றுகிற அதிகாரம் கிடையாது. அப்புறம் நான் யார் முகத்தைப் பார்த்து கணக்கு எழுதுவேன்?

அதன் விளைவை நம்மூர்க் கணக்கில் சொல்கிறேன். ஒரு ஊரில் 100 மூட்டை விளைந்தது. மேலே 200 என்று சொல்லியாகிவிட்டது. அரசு கொள்முதல் நாலில் ஒரு பங்கு என்று வையுங்கள். கணக்குப்படி 50 மூட்டை போயாக வேண்டும். ஊரில் மிச்சம் 50. விதைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து அவ்வளவுதான். வறட்சி ஒன்றும் இல்லாமலே பாதி ஊர் பட்டினி. 1959-இல் சீனா 40 லட்சம் டன்னுக்கு மேல் தானியத்தை ஏற்றுமதியும் செய்தது. தாளில்தான் அமோக விளைச்சலாச்சே.

1959 ஜூலையில் லூஷான் மலையில் கட்சித் தலைவர்கள் கூடினார்கள். கொடைக்கானல், ஊட்டி மாதிரி குளிர்ச்சியான இடம். பாதுகாப்பு அமைச்சர் பெங் தெகுவாய் வந்திருந்தார். கொரியப் போரில் சீனப் படைக்குத் தலைமை தாங்கியவர். மாவோ பிறந்த அதே ஹூனான் மாகாணத்துக்காரர். முந்தைய வருஷக் கடைசியில் சொந்தப் பக்கம் போய் நிலைமையைப் பார்த்திருந்தார். ஜூலை 14-ஆம் தேதி மாவோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். மரியாதையான கடிதம். சாதனைகளைச் சொல்லிவிட்டு, மிகைப்படுத்தல் பரவிவிட்டது, அவசரப்பட்டுவிட்டோம் என்று சொன்ன கடிதம். ஒருவருக்கு எழுதிய கடிதத்தை மாவோ அச்சடித்து எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார். ஜூலை 23-ஆம் தேதி எழுந்து பேசினார். அதோடு பெங்கின் கதை முடிந்தது. ஆகஸ்டில் மத்தியக் குழு கூடி, அவரையும் அவரை ஆதரித்த மூன்று பேரையும் கட்சி விரோதக் கும்பல் என்று தீர்மானம் போட்டது.

இப்போது மருமகன் கேட்ட கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். 1959 ஜூலையில் மாவோ சீனாவின் ஜனாதிபதியா? இல்லை. ஏப்ரலிலேயே அந்தப் பதவியை விட்டுவிட்டார், லியூ ஷாவ்சி வந்துவிட்டார். பிரதமரா? இல்லை, பிரதமர் சௌ என்லாய். மாவோவிடம் இருந்தது கட்சித் தலைவர் பதவியும் ராணுவக் குழுத் தலைமையும். 1954-இன் அரசமைப்புப்படி அமைச்சரைப் போடவும் எடுக்கவும் தேசிய மக்கள் காங்கிரஸ் என்கிற நாடாளுமன்றத்துக்கும் அதன் நிலைக் குழுவுக்கும்தான் அதிகாரம். அந்த நிலைக் குழு பெங்கை நீக்கியது செப்டம்பரில். அதாவது மலையில் தீர்ப்பு முடிந்து ஒரு மாதம் கழித்துத் தாள் வந்தது.

பெங்குக்குப் போக இன்னொரு இடம் இருந்ததா? யோசித்துப் பாருங்கள். நாடாளுமன்றத்தில் பேசலாமா? அது கட்சி சொல்வதைக் கேட்கும். கோர்ட்டுக்குப் போகலாமா? நீதிபதி பட்டியலில் வந்தவர். பத்திரிகையில் எழுதலாமா? ஆசிரியரும் பட்டியலில் வந்தவர். ராஜினாமா செய்துவிட்டு மக்களிடம் போய்த் தேர்தலில் நிற்கலாமா? வேட்பாளரும் பட்டியலில்தான் வர வேண்டும். எல்லாக் கதவும் ஒரே வீட்டுக்குள் திறக்கிறது.

பெங்கின் கதி பார்த்த பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. ஆண்டுக்கணக்காகப் பதவியில் இருந்தவர்கள் உட்பட லட்சக்கணக்கான கட்சிக்காரர்கள் வலதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டார்கள். கொஞ்சம் குறைந்திருந்த வேகம் மறுபடி கூடியது. 1960-இல் பஞ்சம் உச்சத்துக்குப் போனது. ஹெனான் மாகாணத்தின் ஷின்யாங் மாவட்டத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள் என்று பின்னால் பத்திரிகையாளர் யாங் ஜிஷெங் எழுதினார். அவருடைய அப்பாவும் 1959-இல் பட்டினியில் செத்தவர். அங்கே வெளியூருக்கு எழுதிய கடிதங்களைத் தபால் நிலையத்திலேயே பிடித்து வைத்தார்கள். நாடு முழுக்கச் செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களுக்குள் வித்தியாசம் உண்டு. 1.5 கோடி என்பவர்களும் உண்டு, 4.5 கோடி என்பவர்களும் உண்டு. பலர் சொல்வது 3 கோடியை ஒட்டி.

1962 ஆரம்பத்தில் நடந்த ஒரு பெரிய கட்சிக் கூட்டத்தில் லியூ ஷாவ்சி, ஹூனான் விவசாயிகள் சொல்வதாக ஒரு கணக்கைச் சொன்னார்: இயற்கை மூன்று பங்கு, மனிதர்கள் செய்தது ஏழு பங்கு. சொன்னவர் நாட்டின் ஜனாதிபதி. கலாச்சாரப் புரட்சியில் அவரையே வீதிக்கு இழுத்தார்கள். கையில் அரசமைப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, நான் இந்த நாட்டின் ஜனாதிபதி, எனக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். 1968-இல் கட்சி அவரை வெளியேற்றியது. 1969 நவம்பரில் காவலில், சரியான சிகிச்சை இல்லாமல் செத்தார். 'ஜனாதிபதிதான் பெரிய ஆள்' என்று நான் டீக்கடையில் சொன்ன பதிலுக்கு இதைவிடப் பெரிய திருத்தம் வேண்டியதில்லை.

திருவனந்தபுரம்: 5,000 டன் அரிசி

லூஷானில் கூட்டம் நடந்துகொண்டிருந்த அதே ஜூலையில், கடலுக்கு இந்தப் பக்கம் இன்னொரு கம்யூனிஸ்ட் தலைமையும் கடைசி நாட்களை எண்ணிக்கொண்டிருந்தது. கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அரசு.

அந்தக் கட்சியின் கதையில் எங்கள் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அன்று கொல்லிமலை சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1950 பிப்ரவரி 11-ஆம் தேதி சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். பெரும்பாலோர் மலபார் பக்கத்து ஆட்கள். ஏழு வருஷம் கழித்து அதே கட்சி, மலபாரையும் சேர்த்துப் புதிதாக உருவான கேரள மாநிலத்தில், தேர்தலில் நின்று 126 இடத்தில் 60 பிடித்தது. சுயேச்சைகள் ஆதரவோடு 1957 ஏப்ரல் 5-ஆம் தேதி பதவி ஏற்றது. அந்த மந்திரி சபையில் சட்ட மந்திரியாக இருந்தவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். ஆம், பின்னால் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனவர்.

கட்சியின் உள் அமைப்பு, மாஸ்கோவிலும் பீக்கிங்கிலும் இருந்த அதே வார்ப்புதான். கிளை, மாவட்டக் குழு, மாநிலக் குழு, மத்தியக் குழு, ஜனநாயக மத்தியத்துவம். எதிர்க்கட்சிகளின் பெரிய புகாரே 'செல் ஆட்சி' என்பதுதான். அதாவது தாசில்தாரும் போலீசும் அரசாங்க விதிப்படி நடக்காமல், உள்ளூர்க் கட்சி செல் சொல்வதைக் கேட்கிறார்கள் என்பது. புகாரில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அரசியல் என்பது தனி விவாதம். ஆனால் புகாரின் வடிவத்தைப் பாருங்கள். கட்சிப் பாதை அரசுப் பாதையின் மேல் ஏறுகிறது என்பதுதான் அது. ஒரு கட்சி நாட்டில் இது புகாரே ஆகாது, அரசமைப்பே அதுதான். 1958-இல் அமிர்தசரஸ் மாநாட்டில் கட்சி தன் விதிகளை மாற்றி எழுதியது. செல் என்பது கிளை ஆனது. தாங்கள் கட்டப்போகும் சமூகத்தில் எதிர்க்கட்சிகளுக்கும் இடம் உண்டு என்று முன்னுரையில் எழுதினார்கள். வெளியே கேள்வி கேட்க ஆள் இருந்ததன் அழுத்தமும் அதில் உண்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இங்கேயும் ஒரு தானியக் கதை இருக்கிறது. 1957-இல் கேரளத்தில் அரிசித் தட்டுப்பாடு. டெண்டர் கோராமல் சென்னை வணிகர் ஒருவர் மூலம் ஆந்திராவில் இருந்து 5,000 டன் அரிசி வாங்கினார்கள். விலை அதிகம் கொடுத்துவிட்டார்கள், கட்சிக்குப் பணம் போயிருக்கிறது என்று சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி கிளப்பியது. பத்திரிகைகள் விடவில்லை. கடைசியில் அந்த அரசே உயர் நீதிமன்ற நீதிபதி ராமன் நாயரை விசாரணைக்குப் போட வேண்டி வந்தது. தவிர்த்திருக்கக்கூடிய நட்டம் ஏற்பட்டது என்று அறிக்கை வந்தது. அரசுக்குப் பெரிய தலைகுனிவு.

5,000 டன்! அந்தப் பக்கம் 17 கோடி டன் தானியம் தாளில் மட்டும் விளைந்திருக்கிறது, கேட்க ஒரு ஆள் இல்லை. கேட்ட ஒருவரும் போய்விட்டார். இந்தப் பக்கம் 5,000 டன்னுக்குக் கூடுதல் விலை கொடுத்ததற்கு நீதிபதி உட்கார்ந்து சாட்சி விசாரிக்கிறார். கேரள மந்திரிகள் பீக்கிங் மந்திரிகளைவிட நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பெங்கும் நல்லவர்தான். கேரளத்தில் கட்சிக்கு வெளியே நாலு கதவு இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கதவுகள் வழியாக நியாயம் மட்டுமே வரும் என்றும் சொல்ல முடியாது. நிலச் சீர்திருத்தமும் கல்வி மசோதாவும் பெரிய ஆட்களின் காலை மிதித்தன. கத்தோலிக்க சபை, நாயர் சமுதாய அமைப்பு, காங்கிரஸ் எல்லாம் சேர்ந்து 1959 ஜூனில் 'விமோசன சமரம்' ஆரம்பித்தன. அங்கமாலியில் போலீஸ் சுட்டு ஏழு பேர் செத்தார்கள். ஜூலை 31-ஆம் தேதி மத்திய அரசு 356-ஆவது பிரிவைப் போட்டு அரசைக் கலைத்தது. சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருந்த அரசு அது. 356-ஐ அரசியலுக்குப் பயன்படுத்தும் பழக்கத்துக்கு அது ஒரு கெட்ட முன்னுதாரணம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். அந்தப் பிரிவுக்குச் சரியான கடிவாளம் வந்தது 1994-இல், எஸ்.ஆர். பொம்மை வழக்குத் தீர்ப்பில்.

ஆனால் கலைத்த பிறகு என்ன ஆனது? இ.எம்.எஸ்.ஸை யாரும் காவலில் வைத்துச் சாகடிக்கவில்லை. 1960-இல் தேர்தல் வந்தது. கட்சியின் வாக்கு 35 சதவீதத்தில் இருந்து 39-க்கு ஏறியது, எதிரிகள் ஒன்றுசேர்ந்ததால் இடம் மட்டும் 29-ஆகக் குறைந்தது. எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தார்கள். கட்சியே இரண்டாக உடைந்த பிறகும் 1967-இல் இ.எம்.எஸ். மறுபடி முதலமைச்சர். தோற்றவர் உயிரோடு, பேச்சோடு, கட்சியோடு திரும்பி வர முடிகிறது. லூஷானில் தோற்ற பெங் 1974-இல் செத்தார். 1978 டிசம்பரில்தான் கட்சி அவர் பெயரை மீட்டுக் கொடுத்தது.

பஞ்சத்தைப் பற்றி அமர்த்தியா சென் சொன்னது பலருக்கும் தெரியும். தேர்தலும் சுதந்திரமான பத்திரிகையும் இயங்குகிற நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்பார். அதே சென், ஜீன் திரேஸோடு சேர்ந்து இன்னொன்றும் சொன்னார். பஞ்சம் இல்லாத இந்தியாவில் சத்தம் இல்லாத தினசரிப் பட்டினி வருஷா வருஷம் உயிர் எடுக்கிறது, அந்த விஷயத்தில் சீனா நம்மைவிட நன்றாகச் செய்தது என்று. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கதவு இருந்தால் போதாது, தட்டவும் வேண்டும். பஞ்சத்துக்குத் தட்டுகிற நாம், ரத்தசோகைக்குத் தட்டுவதில்லை.

இன்றைக்கு

இன்று சீனா, வியட்நாம், லாவோஸ், கியூபா, வட கொரியா ஆகிய நாடுகளில் இந்த ஒரு கட்சி அமைப்பு இருக்கிறது. எல்லாம் ஒரே மாதிரி இல்லை. வியட்நாமில் பொதுச் செயலாளர், ஜனாதிபதி, பிரதமர், நாடாளுமன்றத் தலைவர் என்று நாலு தூண் என்பார்கள். சீனாவில் வேறு எட்டுச் சின்னக் கட்சிகள்கூடச் சட்டப்படி உண்டு. கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. மாவோவுக்குப் பிறகு அங்கே இந்தப் பாடத்தைப் படித்தார்கள். 1982-இன் அரசமைப்பு, ஒருவர் இரண்டு தவணைக்கு மேல் ஜனாதிபதியாக இருக்கக் கூடாது என்றது. 2018 மார்ச்சில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். அதே திருத்தத்தில் கட்சியின் தலைமையை அரசமைப்பின் முதல் பிரிவிலேயே எழுதினார்கள். ஜனாதிபதிக்கு வரம்பு இருந்த காலத்திலும் பொதுச் செயலாளர் பதவிக்கு எழுதப்பட்ட வரம்பு கிடையாது. எது பெரிய பதவி என்று அதிலேயே தெரிகிறது.

வீட்டுக்கு வந்த மறுநாள் மருமகனுக்குப் போன் போட்டு, நேற்று சொன்னது தப்பு மாப்ள என்று இந்தக் கதையை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு சொன்னான்:

"என்ன மாமா இதுல புதுசு? நம்ம ஊர்லயும் பஞ்சாயத்துத் தலைவரவிட ஒன்றியச் செயலாளர் சொன்னாத்தானே வேலை நடக்குது."

உண்மைதான். சிரித்துவிட்டேன். கட்சிப் பாதை அரசுப் பாதையின் மேல் ஏறுவது நமக்கும் தெரியாத வித்தை இல்லை. ரோடு டெண்டரில் இருந்து அங்கன்வாடி வேலை வரைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். யோசித்துவிட்டுச் சொன்னேன்: "நம்ம ஒன்றியச் செயலாளருக்கு எதிர்க்க இன்னொரு ஒன்றியச் செயலாளர் உட்கார்ந்திருக்கார்ல மாப்ள. அஞ்சு வருஷம் எப்படா முடியும்னு. இவர் செஞ்சத அவர் நோட்டீஸ் போட்டு ஒட்டுவார். பெங்குக்கு அப்படி ஒரு ஆள் இல்ல."

"அவரும் வந்து இதையேதான் செய்வாரு, மாமா."

"செய்வாரு. அப்ப இவர் நோட்டீஸ் ஒட்டுவார்."

அதற்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை. பரீட்சையில் கேட்டால் எதை எழுதுவது என்று மட்டும் கேட்டான். பொதுச் செயலாளர் என்று எழுது என்றேன். விடைத்தாளில் அந்த ஆப்ஷன் இருக்குமா என்பது வேறு விஷயம்.